ஆழம் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன்

கர்த்தருக்குள் பிரியமானவரும், என்னைத் தண்ணீர் வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்தே பாதி வளர்த்தவருமான தாய்மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம், அவ்விடம் உங்கள் நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்தவன் முதல் வரியிலேயே பொய் எழுதக்கூடாது என்பதால் முன்பாதியை விட்டுவிடுகிறேன். உங்கள் நலமறிய மட்டும் ஆவல். இந்தக் கடிதத்தை வீட்டுக்குப் போடாமல் உங்கள் தண்ணீர் கேன் கடைக்குப் போட்டதற்குக் காரணம் உண்டு. வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போன் பேச எங்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அப்பாவையும் பக்கத்து வீட்டையும் சுற்றி உட்காரவைத்துவிடுகிறாள். அத்தனை பேர் முன்னால் "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர ஒரு மனுஷனால் என்ன சொல்ல முடியும்?

நீங்கள் ஒருவர்தான் என்னை ஏர்போர்ட்டில் தனியாக இழுத்து, "மாப்ளே, உனக்கு நெசமாவே இது வேணுமா? முடியலைன்னா ஒரு வார்த்தை எழுது, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றீர்கள். அன்றைக்கு நல்ல மழை. வண்டி சீட்டுக்குப் பின்னால் இருந்த அத்தையின் குடையை நான் எடுக்கப் போனேன், "அதைத் தொடாத" என்று ஒரே அதட்டல், இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே உள்ளே போனோம், ஞாபகம் இருக்கும். அந்த ஒரு வார்த்தையை இப்போது எழுதுகிறேன் மாமா. முடியலை.

முதலில் இங்கே என் பிழைப்பு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊழியத்தில் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் மறையக் கூடாது. எனக்கு வாய்த்த ஜோடி, எனக்கு முன்னால் இங்கே வந்து பழம் தின்று கொட்டை போட்ட ஓர் அண்ணன். கடிகாரம் அடிப்பதற்கு முன்னால் எழுந்து கடிகாரத்தையே எழுப்புகிறவர் என்பதால் மனதுக்குள் அவருக்கு அலாரம் என்று பேர் வைத்திருக்கிறேன். அவருக்குப் பல்வலி என்றால் பல் டாக்டரிடம் நானும் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவேண்டும். எனக்கு முடி வளர்ந்தால் அவரும் முடிவெட்டும் கடைக்கு வந்து காத்திருக்கவேண்டும், காத்திருக்கிற நேரம் வீணாகக் கூடாதென்று முடிவெட்டுகிறவருக்குப் பிரசங்கம் செய்வார், அந்த ஆள் சுவாரசியத்தில் என் காதோரம் கத்தரியை வைப்பார். நான் குளிக்கிற நேரத்தில்கூட வெளியே அவர் பாடுகிற ஞானப்பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கும், பாட்டு மூன்றாவது சரணத்துக்குப் போய்விட்டால் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். காலையில் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டையோடு இறங்கினால் சாயங்காலம் வரை கதவு தட்டுவதுதான் வேலை. கதவு சாத்தப்படுகிற சத்தத்தை வைத்தே உள்ளே இருப்பவர் படித்தவரா, பாதி சமையலில் இருப்பவரா, தூக்கத்திலிருந்து எழுந்தவரா என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. இதெல்லாம் பழகிவிட்டது. நான் மாட்டிக்கொண்டிருப்பது வேறு இடம்.

எங்கள் வெள்ளைச் சட்டைகளைத் துவைக்க வாரத்துக்கு ஒருநாள் தெருமுனையில் இருக்கும் லாண்டரிக்குப் போவோம். காசு போட்டால் ஓடுகிற மெஷின்கள் வரிசையாக இருக்கும், சுவரோரம் பெஞ்சு, கடைசியில் உலர்த்துகிற மெஷின்கள், ஒரே இரைச்சல். அலாரம் அண்ணனுக்கு இந்தக் கடை என்றால் உயிர். "தம்பி, ஊர் முழுக்க நம்ம மூஞ்சில கதவைச் சாத்துறாங்க. இங்க எவனும் எந்திரிச்சுப் போக முடியாது. அவன் துணி உள்ள சுத்திக்கிட்டு இருக்கு" என்பார். துணிக்காகக் காத்திருக்கிறவர்களைப் பிடித்து வைத்து, கடைக்கோடியில் உலர்த்துகிற மெஷின் பக்கம் பேச ஆரம்பித்துவிடுவார். நான் முன்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் சட்டைகளைக் காவல் காப்பேன். அவர் கண்ணுக்கு நான் தெரிவேன், என் கண்ணுக்கு அவர் தெரிவார், சட்டத்துக்குப் பங்கமில்லை.

அந்தக் கடையின் சொந்தக்காரர் ஓர் அம்மா. நல்ல உயரம், நல்ல அகலம், நனைந்த கம்பளியை ஒற்றைக் கையால் மெஷினிலிருந்து உருவி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மற்றக் கையால் சில்லறை கொடுப்பார். புருஷன் தவறிப்போய்ச் சில வருஷமாகிறது என்று தெருவில் சொன்னார்கள். நான் போன முதல் வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சின் அந்த முனை இறங்கி, இந்த முனையில் நான் கொஞ்சம் மேலே போனேன். பேச ஆரம்பித்தார். ஒரு எழுத்து புரியவில்லை மாமா! இந்த ஊர் பாஷையை நான் படிக்காமலா வந்தேன்? ரொட்டிக் கடைக்காரர் பேசுவது பாதி புரிகிறது. பஸ் டிரைவர் திட்டுவது முழுசும் புரிகிறது. இந்த அம்மாவே சோப்புத் தூள், சில்லறை, மெஷின் ரிப்பேர் என்று கடை விஷயம் பேசினால் தெளிவாகப் புரியும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தணித்து, மனசு விஷயம் பேச ஆரம்பித்தால் மட்டும் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கிறது. மனசு விஷயத்துக்கு இங்கே தனி இலக்கணம் போலிருக்கிறது என்று விடியற்காலையில் எழுந்து அலாரம் அண்ணனுக்கும் முன்னால் புத்தகத்தைத் திறந்து படித்தேன். அடுத்த வாரம் அதைவிட மோசம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அம்மா, எனக்குப் புரியலை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் அழுதுகொண்டிருக்கும்போது எப்படிச் சொல்வது? பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டினேன். அவர் சிரித்தால் சிரித்தேன், அவர் கண்ணைத் துடைத்தால் நானும் மூக்கை உறிஞ்சினேன். இப்படியே வாரா வாரம். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் கதையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்து ஏதோ கேட்டார். கேள்வி என்பது மட்டும் தெரிந்தது. வாய் தவறி, "ஆமா" என்றேன். அழுதார். அடுத்த வாரம் இன்னொரு கேள்வி. போன வாரம் ஆமாம் சொல்லித்தானே அழவைத்தோம் என்று இந்த வாரம் "இல்ல" என்றேன். அதற்கும் அழுதார், அதோடு என்னைக் கட்டிப்பிடித்தார், எனக்குக் கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை. எதுக்கு ஆமான்னேன், எதுக்கு இல்லன்னேன், ஒரு எழவும் தெரியலை! கடையை வித்துடட்டுமான்னு கேட்டிருந்தா? தங்கச்சியோட பேச்சை முறிச்சுக்கட்டுமான்னு கேட்டிருந்தா?

இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் ஆம்பளை கோட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். காலரில் தூசி, கைப்பக்கம் ஏதோ கறை. ஊர் அழுக்கெல்லாம் வெளுக்கிற கடையில் வெளுக்காத ஒரே துணி அதுதான். நான் "ஆமா" சொன்ன அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன், ஆணி இருக்கிறது, கோட்டைக் காணோம். எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது. அது செத்துப்போன மனுஷனுடையதாகத்தான் இருக்கவேண்டும். தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாரா? எரித்துவிட்டாரா? என் ஒரு வார்த்தையிலா? கேட்கவும் வாய் வரவில்லை. அலாரம் அண்ணனிடம் மெதுவாக, "அண்ணே, அந்தம்மா சொல்றது எனக்கு ஒண்ணுமே புரியலைண்ணே" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் தோளைத் தட்டி, "அப்படித்தான் தம்பி, தாழ்மையா இருக்கணும்" என்றார். தலையிலடித்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். ஞானஸ்நானம் எடுக்கிறாராம். பாடமெல்லாம் அலாரம் அண்ணன் நடத்தினார், அந்த அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டு முடித்தார், சம்மதம் என்றார். இந்த ஊரில் ரொம்ப காலமாக எங்கள் சபையில் யாரும் சேரவில்லை, அதனால் எங்கள் ஊழியத் தலைவர் தாமே கடைக்கு நேரில் வந்துவிட்டார். "யார் கையால எடுத்துக்கிறீங்கம்மா?" என்று கேட்டார். அலாரம் அண்ணன் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். அந்த அம்மா சோப்பு நுரை சொட்டுகிற விரலை அவரைத் தாண்டி நீட்டி என்னைக் காட்டினார். "இந்தப் பையன்தான். எங்கிட்டப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. நான் பேசுறதைக் கேட்டவன் இவன் ஒருத்தன்தான்." தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலாரம் அண்ணன் அன்றைக்கு என் குளியலின்போது பாடவே இல்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பதெல்லாம் கிடையாது. தொட்டியில் இறங்கி, ஆளை மல்லாக்கச் சாய்த்து, முழுசாக முக்கி எடுக்கவேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு சாட்சிகள் குனிந்து பார்ப்பார்கள். ஒரு கால்விரல் தண்ணீருக்கு மேலே தெரிந்தாலும் செல்லாது, திரும்ப முக்கணும். நான் எப்படி இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். காலி கேனைத் தூக்கச் சொன்னாலே அதோடு சேர்ந்து உருண்டவன். அந்த அம்மாவைச் சாய்த்துவிடலாம் மாமா, சாய்ப்பது பூமியின் வேலை. தூக்குவது யார் வேலை? நம் குடும்பத்தில் தண்ணீரும் பாரமும் இரண்டும் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான். முதுகை வளைக்கணுமா, முழங்காலை மடக்கணுமா, மூச்சைப் பிடிக்கணுமா, விடணுமா?

பழகிப் பார்க்கலாமே என்று அலாரம் அண்ணனைத்தான் கேட்டேன். பாவம், மனத்தாங்கலை மறந்து கட்டில் மேல் நின்று கொடுத்தார். நான் அவர் மூக்கைப் பிடித்து, முதுகில் கை கொடுத்து, வசனம் சொல்லி, மெத்தையில் மல்லாக்கத் தள்ளுவது, பிறகு இழுத்து நிமிர்த்துவது. மூன்று தடவை தள்ளினேன், ஒரு தடவைதான் நிமிர்த்தினேன். நான்காவது தடவை கீழ்வீட்டில் ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வீட்டுக்காரர் நிற்கிறார். அவர் பார்த்தது என்ன? வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தன் வெள்ளைச் சட்டை போட்ட இன்னொருத்தன் மூக்கைப் பிடித்து, "உன் பழைய மனுஷன் சாகட்டும்" என்று கத்திக்கொண்டிருக்கிறான். அவர், "சண்டைன்னா போலீஸைக் கூப்பிடுறேன், ஜெபம்னா மெதுவாப் பண்ணுங்க" என்றார். ஜெபம்தான் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். நம்பாமலே போனார்.

சிரிக்காதீங்க மாமா. பாரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சும்மா. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என் தொண்டையில் நிற்கிறது அது இல்லை. அந்த அம்மா என்னை நம்பி, எல்லாரையும் விட்டுவிட்டு, இவன் கேட்டான் என்று என் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கப் போகிறார். நான் கேட்கவே இல்லை. ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பெஞ்சில் ஒரு பொம்மையை உட்காரவைத்திருந்தாலும் அதே தலையாட்டல்தான். ஒரு பொம்பளையின் மனசில் இருந்ததையெல்லாம் ஏமாற்றி வாங்கிக்கொண்டவன் அவருக்குப் பாவமன்னிப்பு வசனம் சொல்வதா? இதைச் சொல்லிவிட்டால் அவர் மனசு உடையும். சொல்லாவிட்டால் என் மனசு உடையும். வீட்டிலோ, செய்தி கேட்ட அம்மா போனிலேயே அழுதாள், அப்பா சபையில் சாட்சி சொல்லிவிட்டாராம், என் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்வார்கள், நான் ஆழம் தெரியாமல் தலையை ஆட்டிவிட்டேன்.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து செய்யவேண்டியது இது. அடுத்த மாதம் முதல் ஞாயிறுதான் ஞானஸ்நானம். அதற்குள் எங்கள் தலைவருக்குப் போன் போட்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பையனை அனுப்புங்கள் என்று சொல்லவேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்போதும் உள்ளதுதானே, அதையே கொஞ்சம் குரலைத் தணித்துச் சொன்னால் போதும், பொய்யாகாது. நான் வந்து உங்களோடு கேன் போடுகிறேன். கேன் யாரையும் நம்பி ஏமாறாது. தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன என்பார்கள், எனக்கு இன்னும் கழுத்தளவில்தான் இருக்கிறது, உடனே போன் போடுங்கள்.

அம்மாவின் முழங்காலுக்கும், அப்பாவின் நிம்மதிக்கும், உங்கள் வண்டியின் பழைய பிரேக்குக்கும் தினமும் ஜெபிக்கிறேன். கர்த்தர் உங்களை எந்த மேட்டிலும் கைவிடாமல் ஏற்றிவிடுவாராக. பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் அன்பும் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தண்ணீருக்குப் பயந்து நிற்கும்,
உங்கள் அக்கா மகன்.

பின்குறிப்பு: மாமா, போன் பண்ணிடாதீங்க! மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட நான் தனியாகப் போகக் கூடாது அல்லவா, அலாரம் அண்ணன் காய்ச்சலில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தார். கடிதம் என் பையிலேயே கிடந்தது. அதற்குள் அந்த ஞாயிறு வந்து, போயும் விட்டது.

தொட்டியில் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர், அவர் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு தயாராக நிற்கிறார், கரையில் சபையே குனிந்து பார்க்கிறது. எனக்கு அடக்க முடியவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்ததை இந்த ஊர் பாஷையில் அவர் காதில் சொல்லிவிட்டேன். "அம்மா, மன்னிச்சிடுங்க. இத்தனை வாரமா நீங்க சொன்னதுல எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியலை." அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "தெரியும்டா. நான் பேசினது இந்த ஊர் பாஷையே இல்ல. எங்கம்மா வீட்டு பாஷை. இங்க அது ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் உங்கிட்டச் சொன்னேன். புரியுற ஆளுங்ககிட்ட அதையெல்லாம் எப்படிச் சொல்றது?" விடியற்காலையில் எழுந்து நான் உருப்போட்ட இலக்கணத்தை நினைத்து வயிறெரிந்தது. "அப்ப என்னை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?" என்றேன். "ஒண்ணும் புரியாமலே இத்தனை வாரம் உக்காந்து கேக்க வேற யாரு இருக்கா?" என்றார். கரையில் இருந்த தலைவர் நாங்கள் ஜெபம் செய்கிறோம் என்று நினைத்து, கனத்த குரலில் ஆமென் சொன்னார்.

முதல் தடவை கால்விரல் வெளியே தெரிந்துவிட்டது. இரண்டாம் தடவை அவருடைய வெள்ளை அங்கி காற்றடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. மூன்றாம் தடவை எனக்குக் கால் வழுக்கி இரண்டு பேரும் முழுசாக உள்ளே போனோம், சாட்சிகள் செல்லும் என்று கை தூக்கினார்களாம், நான் பார்க்கவில்லை. அவர்தான் என் காலரைப் பிடித்து, மெஷினிலிருந்து துணியை உருவுகிற மாதிரி என்னை வெளியே எடுத்து நிறுத்தினார். பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு கோட்டை எடுத்து என்மேல் போர்த்தினார். அதே கோட்டு, துவைத்து, தேய்த்து, சோப்பு மணத்தோடு. "துவைச்சா அவர் வாசனை போயிடுமேன்னு மாட்டியே வெச்சிருந்தேன். அன்னிக்கு உங்கிட்டக் கேட்டது, துவைச்சுடட்டுமான்னுதான். நீ ஆமான்னே." இன்னொரு கேள்வி என்ன, எதற்கு நான் இல்லை என்றேன் என்று கேட்டேன். "அது உனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்.

போன வாரமும் லாண்டரிக்குப் போனேன். பெஞ்சில் வந்து உட்கார்ந்தார், நான் கொஞ்சம் மேலே போனேன், அவர் பேசினார், நான் தலையை ஆட்டினேன். இப்போதும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் பயமாக இல்லை. கோட்டு என்னிடமே இருக்கிறது, அத்தனை பெரிசு, என்னோடு என்னைப் போல் இன்னொருவனும் உள்ளே நுழையலாம்.

மாமா, ஒன்று கேட்கலாமா? அத்தை தவறிப்போனதிலிருந்து நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வந்தாலும் உள்ளே வராமல் வண்டி பக்கத்திலேயே நிற்கிறீர்கள். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சொல்லணும்னு தோணினா எனக்கு எழுதுங்க. எனக்குத் தமிழ் புரிந்துவிடும், அது ஒன்றுதான் சங்கடம். பரவாயில்லை, புரியாதவன் மாதிரி இருந்துகொள்கிறேன். அதில் இப்போது எனக்கு நல்ல பழக்கம்.